பாதி ஆட்டங்களில் தோற்க வைக்கும் தளம்: லிசெஸ் பற்றி ஒரு மதிப்புரை

இணையத்தில் சதுரங்கம் ஆட விரும்புவோர்க்கு லிசெஸ் என்னும் தளத்தை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இன்று பெரும்பாலும் இல்லை. திபோ துப்ளெசி என்னும் பிரெஞ்சு நிரலாளர் 2010ஆம் ஆண்டு தொடங்கிய இத்தளத்தை இப்போது பிரான்சில் பதிவு செய்யப்பட்ட இலாப நோக்கற்ற சங்கம் ஒன்று நடத்துகிறது. இதில் விளம்பரம் கிடையாது, கட்டணமும் கிடையாது. மென்பொருளின் மூல நிரல் முழுவதும் எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் பாராட்டிப் பலர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்புவது வேறொரு கோணம். மாலை நேரத்தில் அரைமணி கிடைத்தால் அதற்குள் நான்கைந்து வெற்றி தோல்விகளை ஒருவருடைய கையில் கொடுத்துவிடும் சேவை இது. அந்த வெற்றியையும் தோல்வியையும் எந்த அளவில் வைத்துப் பார்க்க இது நம்மைப் பழக்குகிறது? தெருவுக்கொரு செஸ் வகுப்பு முளைத்திருக்கும் சென்னையில், பிள்ளையின் ஆட்டத்திறனைக் கணித்துச் சொல்லும் எண்ணாகிய ரேட்டிங் குறைந்த அன்று வீட்டில் சமையல்கூட மந்தமாக நடக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அத்தகைய வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பற்றிப் பேசிவிட வேண்டும். லிசெஸில் கணக்குத் தொடங்கும் எவருக்கும் 1500 என்ற ரேட்டிங் தரப்படுகிறது. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருக்கும். மார்க் கிளிக்மன் என்னும் புள்ளியியலாளர் வகுத்த கிளிக்கோ–2 என்ற முறையைத் தளம் பின்பற்றுகிறது. இம்முறையில் ஒவ்வொருவருக்கும் ரேட்டிங்குடன், அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் இன்னொரு எண்ணும் உண்டு. 'விலகல்' என்று அதைச் சொல்லலாம். இந்த விலகல் 110க்கு மேல் இருக்கும்வரை கேள்விக்குறி நீங்காது. நிறைய ஆடினால் விலகல் குறையும், நெடுநாள் ஆடாமல் இருந்தால் மீண்டும் கூடும். நம்மைப் பற்றிய தன்னுடைய கணிப்பு எவ்வளவு உறுதியற்றது என்பதைத் தளமே ஒப்புக்கொள்கிறது என்பதுதான் இதன் பொருள். தேர்வு மதிப்பெண்ணோ அலுவலக மதிப்பீடோ இவ்வளவு நேர்மையாகத் தன் ஐயத்தைச் சேர்த்து அச்சிட்டுக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் பெரும்பாலான பயனர்கள் அந்த விலகல் எண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1612 என்றிருந்தது 1589 ஆகிவிட்டால், தன் மூளையிலிருந்தே 23 புள்ளிகள் கழன்று விழுந்துவிட்டதாக நொந்துகொள்கிறார்கள். விலகல் 50 என்றிருக்கும் ஒருவருக்கு அந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று இம்முறைக்குள் புதைந்திருக்கிறது. ஏறத்தாழ நம் ரேட்டிங்கை ஒத்த ஒருவரையே தளம் நமக்கு எதிராளியாகத் தேடித் தருகிறது. நாம் வெல்ல வெல்ல ரேட்டிங் ஏறும். ஏறிய ரேட்டிங்குக்குத் தக்கபடி அடுத்து வரும் எதிராளியும் வலுவானவராக இருப்பார். ஆகவே எவ்வளவு முன்னேறினாலும், டிராக்களை நீக்கிப் பார்த்தால், வெற்றியும் தோல்வியும் ஏறக்குறைய பாதிக்குப் பாதியாகவே நிற்கும். ஆட்டக்காரரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் மொத்த ஆட்டங்கள், வெற்றிகள், தோல்விகள் ஆகியவற்றுடன் எதிராளிகளின் சராசரி ரேட்டிங்கும் அங்கே இருக்கும். பல ஆண்டுகளாக ஆடி வருபவரின் பக்கத்தில் வெற்றி விகிதம் இருந்த இடத்திலேயே நிற்க, அவர் சந்திக்கும் எதிராளிகள் மட்டும் படிப்படியாக வலுத்துக்கொண்டே போயிருப்பார்கள். வளர்ச்சி தென்படும் இடம் அதுதான். 'எத்தனை ஜெயித்தாய்?' என்று மட்டும் கேட்கும் பெற்றோருக்கு அது கண்ணில் படவே படாது.

தொடர்தோல்வியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சம பலமுள்ள எதிராளிகளோடு ஆடும் ஒருவர் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோற்பது, அந்த ஐந்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், 32இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் அவர் 100 ஆட்டங்கள் ஆடினால், அவற்றுக்குள் எங்கேனும் ஓரிடத்திலாவது அப்படியொரு தொடர்தோல்வி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்க்கும் கணக்கே இது. அவருடைய ஆட்டம் துளியும் மோசமாகாமலே இது நடக்கும். தளத்தின் புள்ளிவிவரப் பக்கம் நீண்ட தொடர்வெற்றியையும் நீண்ட தொடர்தோல்வியையும் பதிந்து வைக்கிறது. இரண்டின் நீளமும் ஒன்றுக்கொன்று அதிக வேறுபாடில்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது, ஒன்றைத் திறமை என்றும் மற்றதைக் கண்ணேறு என்றும் சொல்லிக்கொள்வதில் உள்ள வேடிக்கை புரியும்.

இனி, ஆட்டம் முடிந்த பிறகு தளம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பெயருக்கு அருகில் கூடிய புள்ளிகள் பச்சையிலும் குறைந்த புள்ளிகள் சிவப்பிலும் தோன்றும். அதன் கீழே அதே எதிராளியோடு மறு ஆட்டம் ஆடுவதற்கும், புதிய எதிராளியைத் தேடுவதற்கும், ஆட்டத்தை ஆராய்வதற்கும் பொத்தான்கள் இருக்கும். இந்த ஓரிரு நொடிகளில் எந்தப் பொத்தானை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே லிசெஸ் ஒருவருக்கு ஆசிரியராகவோ சூதாட்ட மேசையாகவோ ஆகிறது என்பது என் துணிபு. தோற்ற சூட்டோடு மறு ஆட்டத்தை அழுத்துபவர் பெரும்பாலும் இழந்த எட்டுப் புள்ளியை மீட்கவே ஆடுகிறார். பலகையில் அவர் கவனம் இருப்பதில்லை.

ஆய்வுப் பக்கத்தைத் திறந்து கணினி ஆய்வு கேட்டால், ஸ்டாக்ஃபிஷ் என்னும் செஸ் நிரல் ஒவ்வொரு நகர்வையும் அலசி, சிறு பிசகு, பிழை, பெரும்பிழை என்று மூன்று வகையாகக் குறித்துத் தருகிறது. இந்த அலசலுக்குத் தேவையான கணினி ஆற்றலைத் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளிலிருந்து வழங்குகிறார்கள் என்பதும், கட்டணத் தளங்களில் எண்ணி அளந்து கொடுக்கப்படும் இவ்வசதி இங்கே எவர்க்கும் இலவசம் என்பதும் குறிப்பிடத்தக்கவை. அலசல் முடிந்ததும், செய்த பிழைகளிலிருந்து கற்றுக்கொள்ள அழைக்கும் பொத்தான் ஒன்று தோன்றும். என் பார்வையில் இத்தளத்தின் உயிர்நாடி அதுதான். அதை அழுத்தினால் நாம் சறுக்கிய இடத்துக்குப் பலகை நேரே சென்று நின்றுவிடும். நாம் ஆடிய நகர்வைக் காட்டி, இதைவிட நல்ல நகர்வைக் கண்டுபிடிக்கச் சொல்லும். விடை உடனே சொல்லப்படுவதில்லை. தவறாக நகர்த்தினால் இன்னும் முயன்று பார்க்கச் சொல்லும். முடியாவிட்டால் விடையைப் பார்த்துக்கொள்ளலாம் அல்லது அடுத்த இடத்துக்குத் தாவலாம். திட்டுவதும் இல்லை, ஆறுதல் சொல்வதும் இல்லை. 'தோல்வியே வெற்றிக்கு முதற்படி' என்று பள்ளிச் சுவர்களில் எழுதி வைப்பவர்கள் அந்தப் படி எங்கே இருக்கிறது என்று காட்டாமலே போய்விடுகிறார்கள். இந்தத் தளமோ 23ஆம் நகர்வில் இருக்கிறது என்று காட்டுகிறது.

இவ்வசதியின் மிகச் சிறந்த பயன் வென்ற ஆட்டங்களில்தான் தெரிகிறது. பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒருநாள் வென்ற களிப்பில் இருந்தபோது, அந்த ஆட்டத்தையும் ஆராய்ந்து பார்க்கும்படி சொன்னேன். "ஜெயிச்சுட்டேனே சித்தப்பா, இதை எதுக்குத் திரும்பப் பாக்கணும்?" என்றாள். பார்த்தோம். ஆட்டத்தின் நடுவே அவள் ராணியைச் சிப்பாய் ஒன்றைப் பிடிக்க அனுப்பியிருந்தாள். அந்தக் கணத்தில் எதிராளியின் கறுப்புக் குதிரை ஒரே தாவலில் ராஜாவையும் ராணியையும் சேர்த்துத் தாக்கியிருக்கலாம். எதிராளி அதைக் கவனிக்காமல் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருந்தார். அந்தப் பெரும்பிழைக்கு இரண்டு கேள்விக்குறிகள் அவள் பக்கம் விழுந்திருந்தன. அடுத்த நகர்விலேயே அதே இரண்டு கேள்விக்குறிகள் எதிராளியின் பக்கமும் இருந்தன. அவள் சற்று நேரம் பலகையையே பார்த்துவிட்டு, அந்தக் குதிரை நிற்கும் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, "இவன் பாத்திருந்தா நான் காலி" என்றாள். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆய்வுப் பக்கத்தில் நம் பிழைகளை முடித்த பிறகு எதிராளியின் பிழைகளையும் இதே முறையில் பார்க்கும் வசதி உண்டு. வெற்றியில் நம் பங்கு எவ்வளவு, அவர் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்தறிய அதைவிட நல்ல வழி இல்லை.

ஆய்வின் ஓரத்தில் சராசரியாக ஒரு நகர்வுக்கு ஒரு சிப்பாயின் மதிப்பில் நூற்றில் எத்தனை பங்கு இழந்தோம் என்ற கணக்கும், துல்லியத்தைக் காட்டும் சதவீதம் ஒன்றும் இருக்கும். வலுவான எதிராளியிடம் தோற்ற ஆட்டத்தில், மெலிந்தவரை வென்ற ஆட்டத்தைக் காட்டிலும் துல்லியம் கூடுதலாக இருப்பது அடிக்கடி நிகழ்வதே. முடிவும் ஆட்டத்தின் தரமும் வேறு வேறு என்பதை ஒரே திரையில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் வாழ்க்கையில் குறைவு. ஆனாலும் எச்சரிக்கை ஒன்று வேண்டும்: ரேட்டிங்கை விட்டுவிட்டு இந்தச் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு அழுபவர்களும் உண்டு. எளிய நிலைகளில் காய்களை மாற்றிக்கொண்டே போனால் துல்லியம் தானாக உயரும். சிக்கலான நிலையைத் துணிந்து தேர்ந்தெடுத்தவருக்கு அது குறையும்.

எண்ணே கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்போர்க்கும் தளம் வழி வைத்திருக்கிறது. அமைப்புகளில் காட்சி தொடர்பான பகுதிக்குச் சென்றால், ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கைக் காட்டலாமா, வேண்டாமா, அல்லது ஆட்டம் நடக்கும்போது மட்டும் மறைக்கலாமா என்று தேர்ந்துகொள்ளலாம். மறைத்தாலும் ஆட்டங்கள் வழக்கம்போல் ரேட்டிங்குக்குக் கணக்கிடப்படும். நம் கண்ணுக்கு மட்டும் தெரியாது. ஆட்டத்தின்போது கவனத்தைக் கலைப்பவற்றை மறைக்கும் 'ஜென்' நிலையும் உண்டு. கணினியில் இசட் விசையை அழுத்தினால் போதும். ரேட்டிங் கணக்கே இல்லாத நட்பு ஆட்டங்களையும் ஆடலாம். ஆயினும் எண்ணை மறைத்து ஆடுவதையே நான் பரிந்துரைப்பேன். எதிராளி 1900 என்று தெரிந்தவுடனேயே கைநடுங்குபவரும், 1300 என்று தெரிந்தவுடன் யோசிக்காமல் நகர்த்துபவரும் எண்ணோடு ஆடுகிறார்களே தவிர எதிரில் இருப்பவரோடு ஆடுவதில்லை. ரேட்டிங்கில் 200 புள்ளிகள் கூடியவர்கூட நான்கில் மூன்று பங்குப் புள்ளிகளையே எதிர்பார்க்க முடியும் என்பது இம்முறையின் அடிப்படைக் கணக்கு. மீதிக் கால் பங்கு எதிராளிக்குரியது.

இந்தத் தளத்தில் பெரிய போட்டிகளின் ஆட்டங்களை நகர்வுக்கு நகர்வு நேரலையில் பார்க்கும் பக்கமும் இருக்கிறது. வெற்றி தோல்வியின் அளவைப் பிள்ளைகளுக்குக் காட்ட அறிவுரையைவிட அந்தப் பக்கம் பயன்படும். 2024ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே வெள்ளைக் காய்களுடன் ஆடித் தோற்றார். 11ஆம் ஆட்டத்தில் வென்று முன்னிலை பெற்று, மறு ஆட்டத்திலேயே அப்போதைய சாம்பியனான சீனாவின் டிங் லிரனிடம் அதைப் பறிகொடுத்தார். டிசம்பர் 12 அன்று நடந்த 14ஆம் ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலையில், டிங் தன் 55ஆம் நகர்வில் யானையை வைத்த ஓர் இடம் பிழையாகி, ஆட்டமும் பட்டமும் கைமாறின. மொத்தக் கணக்கைப் பார்த்தால் 14 ஆட்டங்களில் குகேஷ் வென்றவை மூன்று, தோற்றவை இரண்டு, டிரா ஒன்பது. பட்டத்தைப் பறிகொடுத்தவர் இரண்டு ஆட்டங்களில் வென்றிருந்தார். ஓர் ஆட்டத்தின் வேறுபாட்டில் ஒருவர் உலகச் சாம்பியனாகவும் மற்றவர் முன்னாள் சாம்பியனாகவும் ஆனார்கள். அவர்களுடைய ஆட்டத்திறனில் அன்று மாலை அத்தனை பெரிய பள்ளம் விழுந்துவிடவில்லை.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடந்த, நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாடு நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவின் 'பி' அணிக்கு முதல் பலகையில் ஆடிய குகேஷ் தொடக்கத்தில் எட்டு ஆட்டங்களை வரிசையாக வென்றார். 10ஆம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவுக்கு எதிராக, வெல்லக்கூடிய நிலையில் இருந்த ஆட்டத்தை இழந்தார். அணிக்கான தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. நம் அணிக்கு வெண்கலம். முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் குகேஷுக்கே கிடைத்தது. அந்த இரண்டு வாரங்களை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? 2025 பிப்ரவரியில் நடந்தது இதைவிட விசித்திரம். நெதர்லாந்தின் வைக் ஆன் சீ என்னும் ஊரில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில் குகேஷும் தோற்றார், பிரக்ஞானந்தாவும் தோற்றார். தோற்ற அந்த இருவரும்தான் சமப் புள்ளிகளுடன் முதலிடத்தில் நின்று, அன்றே பிளிட்ஸ் எனப்படும் அதிவேக ஆட்டங்களில் மோதிக்கொண்டார்கள். பிரக்ஞானந்தா பட்டம் வென்றார். இந்த ஆட்டங்களைத் தளத்தில் திறந்து, யாருடைய கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் மதிப்பீட்டுக் கோடு ஏறி இறங்குவதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது நல்ல மாலைப்பொழுது.

குறைகளுக்கு வருகிறேன். தளத்தின் சில பகுதிகள் மேலே சொன்ன நிதானத்துக்கு நேர் எதிராக வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அரங்கப் போட்டி எனப்படும் வகையில் தொடர்ந்து இரண்டு ஆட்டங்களை வென்றவருக்குத் தீச்சுடர் குறி தோன்றி, அடுத்த ஆட்டங்களுக்கு இரட்டிப்புப் புள்ளிகள் கிடைக்கும். வெல்லாமல் விட்டால் சுடர் அணைந்துவிடும். தொடர்வெற்றி என்பது பெரிதும் தற்செயல் என்று மேலே பார்த்தோம். அந்தத் தற்செயலுக்கே இங்கே பரிசு தரப்படுகிறது. விறுவிறுப்புக்காக என்றால் சரி. ஆனால் ரேட்டிங் குறைந்தாலே கண் கலங்கும் பிள்ளையை இதில் இறக்கிவிடக் கூடாது. செஸ் புதிர்களை ஒன்றன்பின் ஒன்றாக விடுவித்துக்கொண்டே போய், ஒரே ஒரு தவறோடு முடிந்துபோகும் தொடர்புதிர் வகையைப் பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. நேரக்கட்டுப்பாடு இல்லாததாலும் ஒரு நகர்வைத் தாண்டிச் செல்ல இடம் கொடுப்பதாலும் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளத் தக்கது. சாதாரணப் புதிர்களை ரேட்டிங் கணக்கு இல்லாமலும் போடலாம். எந்தக் கருப்பொருளில் நாம் வலுவாக இருக்கிறோம், எதில் தடுமாறுகிறோம் என்று அதற்கென ஒரு பக்கம் பிரித்தும் காட்டும். புதிர்களில் அதுவே என் விருப்பம்.

ஒரு நிமிட ஆட்டங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அவற்றில் ஆராய்வதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. எனவே தோல்வி வெறும் எரிச்சலாகவும் வெற்றி வெறும் கிளர்ச்சியாகவும் தங்கிவிடுகின்றன. கற்க வேண்டும் என்போர் குறைந்தது பத்து நிமிட ஆட்டங்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். விதிமீறுபவர்களும் இருக்கிறார்கள், கணினியின் உதவியோடு ஆடியவர் பிடிபட்டால், அவரிடம் இழந்த புள்ளிகளைத் தளம் திருப்பித் தருவதுண்டு. எல்லாத் தோல்விகளுக்கும் எதிராளியின் கணினியையே காரணமாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்துக்கு மட்டும் தளத்தில் மருந்து இல்லை.

சிறுவர்களுக்குக் கணக்குத் தொடங்கும் பெற்றோர், அரட்டை, தனிச்செய்தி முதலியவற்றை முழுவதுமாக அடைத்துவிடும் சிறுவர் நிலையை முதலில் இயக்க வேண்டும். ரேட்டிங் மறைப்பை அதற்கடுத்துச் செய்யலாம். பயிற்சியாளர்கள் தம் மாணவர்களை ஒரே வகுப்பாகச் சேர்த்து மேற்பார்வையிடவும் வசதி இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதானால், இந்தத் தளத்தைப் பயன்படுத்தாமலே இருப்பது நல்லது. நேரில் உட்கார்ந்து, ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்கி, எதிராளியோடு சேர்ந்தே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி எங்கே தவறினோம் என்று பேசிக்கொள்ளும் கிளப் பழக்கத்துக்கு லிசெஸ் ஈடாகாது என்பதையும் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாத இடத்தில் தோல்வி சற்றுக் கூடுதலாகவே கசக்கிறது.

விலை என்று எதுவும் இல்லை. விரும்புவோர் நன்கொடை தரலாம். தருவோரின் பெயருக்கு முன்னால் ஒரு சிறகுக் குறி தோன்றும், மற்றபடி தராதவருக்குக் கிடைக்காத வசதி எதுவும் அவருக்கும் கிடைக்காது. பத்து நிமிட ஆட்டம், மறைத்த ரேட்டிங், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பின் ஆய்வு என்ற மூன்றையும் ஏற்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மறு ஆட்டப் பொத்தானிலிருந்து கையை எடுக்க முடியாதவருக்கு, அருகில் உள்ள செஸ் கிளப்பின் முகவரியைத்தான் கொடுப்பேன்.